எஞ்சின் சூடானதற்கு வேறு காரணம்

மே 3, சனி

இன்று முதல் இந்த நோட்டு ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்.

நோயாளி: படகின் பின்னால் மாட்டுகிற எட்டுக் குதிரைசக்தி அவுட்போர்டு எஞ்சின். வயது பத்தொன்பது. என்னைவிட மூன்று வயது மூப்பு, ஆகையால் அண்ணே என்றுதான் கூப்பிட வேண்டும். இருப்பிடம்: சிலுவைத்துறை, எங்கள் வீட்டுப் பின்பக்கம், முருங்கை மரத்தடி. மரக்கட்டையில் மாட்டியபடி ஓய்வெடுக்கிறது.

அறிகுறிகள்: கயிற்றை இழுத்தால் உடனே எழுந்துவிடுகிறது. ஏழெட்டு நிமிடம் ஓடுகிறது. பிறகு காய்ச்சல். தீய்ந்த வாசம், இருமல், நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் ஆறவிட்டால் மறுபடி எழும், மறுபடி காய்ச்சல். முக்கியமான அறிகுறி இனிமேல்தான். எஞ்சின், தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் தன் காலால் தண்ணீரை உறிஞ்சி, உடம்பு முழுக்கச் சுற்றவிட்டுச் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஓடுகிறதா என்று நாம் பார்த்துக்கொள்ள, பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை வழியே கொஞ்சம் தண்ணீர் நூல்போலப் பீய்ச்ச வேண்டும். எங்கள் கரையில் அதற்குப் பெயர் ஒண்ணுக்கு. நோயாளிக்கு ஒண்ணுக்கு வரவில்லை.

“அம்பது வயசுக்கு மேல எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தாம்ல இருந்திச்சு” என்றான் மெல்வின். என் கூட்டாளி. உதவி மருத்துவர்.

தலைமை மருத்துவர் டைட்டஸ் ஆகிய நான். பிளஸ் ஒன் முடித்தாயிற்று, பாஸா என்பது கடவுளுக்கும் கணக்கு சாருக்கும் தெரியும்.

எதிர்க்கட்சி: என் அண்ணன் கஸ்மீர், வயது இருபத்திநாலு. எஞ்சினை எடைக்குப் போட தூத்துக்குடியில் ஒரு ஆளிடம் பேசிவிட்டான். பத்தாம் தேதி வண்டி வருகிறதாம்.

“அது செத்துட்டுல. வச்சு என்ன செய்ய?”

“சாவலண்ணே. ஒண்ணுக்கு அடைச்சிருக்கு, அவ்வளவுதான்.”

சாதாரணமாக இதற்கெல்லாம் உருண்டு சிரிப்பவன். சிரிக்கவில்லை. அம்மாவும் அவன் பக்கம்தான். “அத இனிமே கண்ணால பாக்க முடியல. போட்டும்ல.”

எஞ்சினை ஏன் பிழைக்க வைக்க வேண்டும் என்பதை நாளை எழுதுகிறேன்.

மே 4, ஞாயிறு

பூசை முடிந்து வந்து எழுதுகிறேன்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி அப்பாவும் அண்ணனும் பதினாறு கடல்மைல் வெளியே இருந்தார்கள். காலை எட்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. அண்ணன் வலையை அறுத்துவிட்டுப் படகைத் திருப்பினான். எஞ்சின் ஒழுங்காக ஓடியிருந்தால் இரண்டு மணி நேரம். ஐந்து மணி நேரம் ஆனது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சூடாகி நின்றது. ஆறவிட்டு, இழுத்து, ஓட்டி, மறுபடி ஆறவிட்டு.

செல்போனுக்குச் சிக்னல் கிடைத்ததும் அண்ணன் சொல்லியிருந்தான். ஆம்புலன்ஸ் கரையில் நின்றது. நானும் நின்றேன். அப்பா அண்ணனுடைய சட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம்தான்.

எஞ்சின் ஏன் சூடானது என்று யாரும் கேட்கவில்லை. பழசு, சூடாகும் என்று விட்டுவிட்டார்கள். நான் கேட்கிறேன். எனக்குக் காரணம் தெரிய வேண்டும். ஏதாவது ஒரு காரணம்.

இன்னொன்றையும் கேஸ் ஷீட்டில் சேர்க்க வேண்டும். கடலுக்குப் போய்வந்த எஞ்சினை அன்றன்றே நல்ல தண்ணீரில் ஓடவிட்டு, உள்ளே தங்கிய உப்பைக் கழுவ வேண்டும். நீல டிரம்மில் எட்டுக் குடம் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் காலை உள்ளே இறக்கி, பத்து நிமிடம். குழாய் கோயிலுக்குப் பின்னால். இந்த வேலை என்னுடையது. ‘நீர்வளத்துறை அமைச்சர்’ என்பார் அப்பா. என் துறையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

மே 5, திங்கள்

கோயில் பாடகர் குழு கிட்டாரின் அறுந்த கம்பியை ஒண்ணுக்கு ஓட்டையில் விட்டுக் குடைந்தேன். கொஞ்சம் அழுக்கு வந்தது. தண்ணீர் வரவில்லை. ராகமும் வரவில்லை.

மே 6, செவ்வாய்

காலில் தண்ணீர் நுழையும் சல்லடையைக் கழற்றினோம். மணல்! நெத்திலித் தலை ஒன்று, பாலித்தீன் கிழிசல், மற்றபடி முழுக்க மணல். எங்கள் ஊரில் துறைமுகம் கிடையாது, படகை மணலில்தான் ஏற்றி இறக்குகிறோம். மணல் போகாமல் என்ன செய்யும்? குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று குதித்தேன்.

அண்ணன் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“கீழ என்ன வேணும்னாலும் பிரி. மேல, தலையில மட்டும் கை வைக்காத.”

“ஏன்?”

“போல்ட்டெல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்கும். முறிஞ்சா எடைக்குக்கூட எடுக்க மாட்டான்.”

சல்லடையைக் கழுவி மாட்டி, டிரம்மில் ஓட்டினோம். ஒன்பதாவது நிமிடம் காய்ச்சல். விரலில் எச்சில் தொட்டு எஞ்சினின் தலையில், அந்த மேல் மூடியில், வைத்தேன். ‘ச்சீ’ என்றது. ஊரில் எல்லாரும் என்னைச் சொல்வதைத்தான் அதுவும் சொல்கிறது.

மே 8, வியாழன்

எடைக்கு எடுக்கும் ஆளுக்கு மெல்வினுடைய போனிலிருந்து பேசினேன். குரலைக் கரகரப்பாக்கி, நான் பம்பாயில் இருக்கும் பெரியப்பா, அந்த எஞ்சினில் எனக்குப் பாதிப் பங்கு, கோர்ட்டில் கேஸ் நடக்கிறது, தொட்டால் நீங்களும் படியேற வேண்டிவரும் என்றேன். அந்த ஆள் பயந்து என்னையே ‘அண்ணாச்சி’ என்றார். நடுவில் இருமினேன் பாருங்கள், அதுதான் கலை.

சாயங்காலம் அண்ணன் வந்து எதிரே நின்றான்.

“நம்ம பம்பாய்ப் பெரியப்பாவுக்கு ஒடம்பு எப்பிடிருக்கு?”

“இருமல்தான் கொஞ்சம்.”

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. திறந்து பார்த்தால் உட்கார்ந்து சிரிக்கிறான். அவன் சிரித்து மூன்று மாதம். சிரிப்பு நடுவில் எங்கேயோ தடம் மாறிவிட்டது, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

“அப்பா இருந்திருந்தா உன்னத் தோல உரிச்சிருப்பாவ.”

“பெறகு அவியளும் சிரிச்சிருப்பாவ.”

“இருபத்திநாலாம் தேதி வரைக்கும் பாரு. அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது. தலையில கை வைக்காத.”

மே 10, சனி

அறுவை சிகிச்சை. எஞ்சினின் காலைத் தனியாகக் கழற்றினோம். வழிகாட்டி: மெல்வின் போனில் ஒரு வீடியோ. பேசுகிறவர் எந்த நாட்டுக்காரர் என்று இருவருக்கும் தெரியவில்லை, ஆனால் அவரும் போல்ட் வராதபோது நம்மைப் போலவேதான் திட்டுகிறார்.

உள்ளே இம்பெல்லர். தண்ணீரை மேலே தள்ளுகிற ரப்பர் சக்கரம். ஆறு இதழில் இரண்டு ஒடிந்து, மீதி நான்கும் வளைந்து கிடந்தன. மெல்வினைத் தூக்கிச் சுற்றினேன்.

“இதுதாம்ல! இதாலதான்! இது தள்ளலைன்னா தண்ணி எப்படி மேல போவும்?”

“சரி, எறக்கி விடுல. தெனமும் நல்ல தண்ணில ஓட்டிக் கழுவுவ இல்ல?”

“பின்ன?”

அவனிடம் ஆம் என்றேன். இந்த நோட்டிலும் ஆம் என்றே இருக்கட்டும்.

மே 13, செவ்வாய்

தூத்துக்குடி போய் இம்பெல்லர் வாங்கியாயிற்று. திரும்புகையில் பஸ்ஸில் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பாட்டையா “பொம்மக் காருக்கா?” என்று கேட்டார்.

மே 14, புதன்

வந்துவிட்டது! ஒண்ணுக்கு வந்துவிட்டது! நூலாக இல்லை, முருங்கை மரம்வரை பாய்கிறது. சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். “என்னல இது, பச்சப்புள்ள கணக்கா அடிக்கி!” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிப்ரவரிக்குப் பிறகு முதல்முறை.

ஆக, காரணம் ரப்பர். வயதானால் ரப்பர் ஒடியும். யார் என்ன செய்திருக்க முடியும்? யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன்.

நன்றாகத் தூங்கப் போகிறேன்.

மே 15, வியாழன்

எஞ்சினைப் படகில் மாட்டி நானும் மெல்வினும் போனோம். பன்னிரண்டாவது நிமிடம் அதே வாசம், அதே இருமல். நின்றது. துடுப்புப் போட்டுத் திரும்பினோம்.

இதில் கொடுமை, கடைசி நொடிவரை ஒண்ணுக்கு அருமையாக வந்துகொண்டிருந்தது. தண்ணீர் கழுத்துவரை ஏறுகிறது. அந்த ஓட்டைக்குப் போகும் கிளை கழுத்தில்தான் பிரிகிறது. அதற்கு மேலே தலைக்குள் தண்ணீர் சுற்றவில்லை.

மே 16, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. வெயில்.

மே 17, சனி

அம்மா கேட்காமலே பாத்திரம் கழுவினேன். ரேஷன் கடைக்குப் போனேன். அண்ணன் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். “என்னல, காய்ச்சலா?” என்றாள் அம்மா, நெற்றியைத் தொட்டுப் பார்த்து.

மெல்வின் வந்தான். “இனி தலை ஒண்ணுதாம்ல பாக்கி. தொறந்துருவோம்.”

“அண்ணன் ஏசுவான்.”

“நீ என்னைக்குல அண்ணன் சொன்னதக் கேட்ட?”

எனக்கே தெரியாமல் நல்ல பிள்ளை ஆகிவிட்டேன் போலிருக்கிறது.

மே 19, திங்கள்

இன்று திறந்தேன். மெல்வினைக் கூப்பிடவில்லை. அண்ணன் அடுத்தவர் படகில் பங்குக்குப் போயிருந்தான், அம்மா சந்தைக்கு.

தலைமூடியில் பத்து போல்ட். துருப்பிடித்திருக்கும் என்று மண்ணெண்ணெயெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். முதல் போல்ட் ஸ்பானரைத் தொட்டதும் சுற்றியது. வெளியே எடுத்தால் மரையில் புது கிரீஸ். இரண்டாவதும் அப்படியே. பத்தும் அப்படியே. பத்தொன்பது வருட எஞ்சினில் எந்த போல்ட்டும் இப்படிக் கழலாது.

மூடியைத் தூக்கினேன். இடையில் கசிவை அடைக்க வைக்கும் காஸ்கெட் கம்பெனியுடையது இல்லை. யாரோ அட்டையைக் கத்தரித்து வைத்திருந்தார்கள். ஓரத்தில் நீல மையில் ‘லியோன்’ என்று இருந்தது. மீதி எழுத்து வெட்டுப்பட்டிருந்தது. லியோன்ஸ், அப்பா பெயர். அது ஆஸ்பத்திரியில் கொடுத்த ஃபைல் அட்டை. மார்ச் மாதம் அம்மா அந்த அட்டையை வீடு முழுக்கத் தேடினாள், உள்ளே இருந்த காகிதங்கள் மட்டும் கிடைத்தன.

தண்ணீர் ஓடும் வழிகள் என் விரல் அகலம் இருக்க வேண்டும். தீக்குச்சி போகாது. முழுக்க உப்பு. வெள்ளையாக, கல்லாக, வழிக்கு வழி இறுகிப்போய். அதன் நடுவில் ஒரு இடத்தில் மட்டும் ஸ்குருடிரைவரால் சுரண்டிய கோடு. ஒரு விரல் நீளம்கூட இல்லை. ஆரம்பித்தவர் அதோடு விட்டுவிட்டார்.

இப்போது எழுதிவிடுகிறேன்.

போன ஆகஸ்ட் திருவிழா முடிந்ததிலிருந்து நான் குழாய்க்குப் போகவில்லை. குழாயில் வரிசை. எட்டுக் குடம். கடல், டிரம்மிலிருந்து இருபது தப்படி. முதலில் ஆறு குடம் கடல்தண்ணீர், மேலே இரண்டு குடம் நல்ல தண்ணீர் என்று கலந்தேன். அப்புறம் எட்டும் கடல்தான். அப்பா வந்த களைப்பில் டிரம் நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து, “அமைச்சர் வேலைய முடிச்சிட்டாரு” என்று சொல்லிப் படுத்துவிடுவார். கடலில் ஓடிய எஞ்சினைக் கடலிலேயே கழுவினேன். இதுவரை நான் செய்ததிலேயே சிறந்த குறும்பு இதுதான் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை, மெல்வினிடம்கூட. ஆறு மாதம்.

மணலாக இருக்கட்டும், ரப்பராக இருக்கட்டும் என்றுதான் இத்தனை நாளும் பிரித்துக்கொண்டிருந்தேன்.

தலையில் கை வைக்காதே என்று அண்ணன் சொன்னது போல்ட்டுக்காக இல்லை.

மே 20, செவ்வாய்

அண்ணன் கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“தலையத் தொறந்துட்டேன்.”

கை நிற்கவில்லை. இரண்டு கண்ணி முடிந்தான்.

“சொன்னா கேக்கவே மாட்டியால நீ?”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“மார்ச்சுல. சரி பண்ணி ஓட்டலாம்னுதான் தொறந்தேன்.”

“ஏன் பாதில விட்ட?”

“சொரண்டச் சொரண்ட வந்துக்கிட்டே இருந்திச்சுல. கை ஓடல.” வலையைக் கீழே வைத்தான். “அம்மாட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன். எடைக்குப் போட்டா முடிஞ்சு போவும்னு பாத்தேன். நீயும் வாயத் தொறக்காத.”

கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டேன். “எஞ்சின் சூடாவாட்டி அப்பா பொழச்சிருப்பாவளாண்ணே?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பேன், அது அவனுக்கும் தெரியும். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தெரியலல, மக்கா. டாக்டர்ட்டயும் கேட்டேன். அவருக்கும் சொல்லத் தெரியல.”

“அப்பா எதுவும் பேசுனாவளா?”

“‘அவசரப்படாத, ஆறட்டும்’னாவ. அதயேதான் சொல்லிக்கிட்டு இருந்தாவ.” வலையை மறுபடி மடியில் எடுத்தான். “ஒருவாட்டி, ‘கரைக்குப் போனதும் டைட்டஸ்ட்ட சொல்லி நல்லாக் கழுவி வைக்கச் சொல்லு, அவன்தான் ஒழுங்காச் செய்வான்’னாவ.”

மே 21, புதன்

அண்ணன் கடலுக்குப் போகவில்லை. இருவரும் உட்கார்ந்து உப்பைச் சுரண்டினோம். வினிகர் ஊற்றி ஊறவைத்து, கம்பியால் குத்தி, துணியால் துடைத்து. சூடு ஏறினால் திறந்து தண்ணீர் விட வேண்டிய தெர்மோஸ்டாட்டும் உப்பில் ஒட்டிக் கிடந்தது. கொதிநீரில் போட்டுப் பார்த்தோம், திறக்கவில்லை. அண்ணன் புதிது வாங்கி வந்தான், சரியான காஸ்கெட்டும். அட்டைக் காஸ்கெட்டை அவன் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

மூன்று வார்த்தைக்கு மேல் இருவரும் பேசவில்லை. மூன்றும் ஸ்பானர் நம்பர்.

மே 22, வியாழன்

டிரம்மில் நாற்பது நிமிடம் ஓடியது. தலையில் உள்ளங்கையை வைத்தேன். வைத்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு இதமான சூடு. நோயாளி குணமானார்.

அண்ணன் தூத்துக்குடிக்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றான். அம்மா மீன் அரிந்துகொண்டே வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பக்கத்து வீட்டக்காவிடம் சத்தமாகச் சொன்னாள். “எம்புள்ளதாங்க்கா சரி பண்ணுனான். எல்லாரும் செத்துட்டு செத்துட்டுன்னானுவ. அவிய அப்பன் பேரக் காப்பாத்திட்டான்.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “அப்பிடி என்னதாம்ல கோளாறு?”

அண்ணன் முந்திக்கொண்டான். “ரப்பரு தேஞ்சு போச்சும்மா.”

“ரப்பர் இல்லம்மா” என்றேன்.

“ஏல, சும்மா இரி.”

“ரப்பர் இல்லம்மா. நான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், வரிசை, இருபது தப்படி, ஆறு மாதம். அம்மா கத்தியை நிறுத்தவில்லை. இருந்த மீனையெல்லாம் அரிந்து முடித்தாள். கழுவினாள். கையையும் கழுவினாள். எழுந்து உள்ளே போனாள்.

மே 23, வெள்ளி

அம்மா பேசவில்லை.

மே 24, சனி

அண்ணன் என்னைப் படகின் மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

“ஏம்ல சொன்ன? அதான் நான் ஒரு கதை கட்டுனேன்ல?”

“மார்ச்சுலேர்ந்து நீ ஒத்தைல வச்சிருந்தியே.”

என் தலையைப் பிடித்து ஒருமுறை ஆட்டிவிட்டுப் போனான்.

மே 26, திங்கள்

“அவனச் சாப்பிடச் சொல்லு” என்றாள் அம்மா, அண்ணனிடம். நான் ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு ஒரு சிலேடை எழுதலாம் என்று நோட்டைத் திறந்தேன். வரவில்லை.

மே 28, புதன்

நாளை அண்ணன் எங்கள் படகில் எங்கள் எஞ்சினோடு போகிறான். பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவை. அம்மா மாதா படத்துக்கு முன்னால் வெகுநேரம் முழங்காலில் இருந்தாள். நான் கதவுக்கு வெளியே இருந்தேன்.

மே 29, வியாழன்

அண்ணன் விடியுமுன் போனான். எட்டு மணிக்கு நான் குழாய்க்குப் போனேன். வரிசையில் பன்னிரண்டு பேர். நின்றேன். முடிந்ததும் மறுபடி கடைசியில் போய் நின்றேன். ஒருமுறைக்கு இரண்டு குடம், நான்கு முறை. எட்டையும் டிரம்முக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன்.

பதினொன்றரைக்குப் படகு தெரிந்தது. நிற்காமல் வந்தது. கரை தொடும்வரை ஒருமுறைகூட நிற்கவில்லை. அண்ணன் எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்து டிரம்மில் இறக்கி மாட்டினான்.

நான் முதல் குடத்தைத் தூக்கக் குனிந்தேன். அம்மா வந்து எதிரே நின்றாள்.

முதல் குடத்தில் கையை விட்டாள். இரண்டு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். அடுத்த குடத்துக்குப் போனாள். அதிலும் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

“யம்மா, விடும்மா” என்றான் அண்ணன்.

அம்மா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று. நான்கு. அவசரப்படாமல், ஒவ்வொரு குடமாக. பக்கத்து வீட்டக்கா வேலியோரம் வந்து நின்று, பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஆறு. ஏழு. எட்டாவது குடத்தில் கொஞ்சம் கூடுதலாகவே நின்றாள்.

பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஏழு நாளில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“ஊத்து” என்றாள்.

ஊற்றினேன்.